சீனி பார்க்கிற மெஷின் மறதியையும் பார்க்குமா?

சீனி பார்க்கிற மெஷின் இல்லாத வீடு இப்போது நம்மூரில் குறைவு. காலையில் விரலில் ஒரு குத்து, ஸ்ட்ரிப்பில் ஒரு துளி இரத்தம், சில செக்கன்களில் ஓர் இலக்கம். "மூத்தம்மாவுக்கு இன்றைக்கு 180" என்று ஓ/எல் படிக்கிற பேத்தியே சொல்லிவிடுகிறாள்.

இதே மாதிரி ஒரு துளி இரத்தத்தில் மறதி நோயையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்ற செய்தி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கண்டுபிடித்தாயிற்று என்கிறார்கள் சிலர். எல்லாம் வியாபாரம் என்கிறார்கள் சிலர். இரண்டு பேச்சும் அவசரப் பேச்சு. இதற்குப் பின்னால் 120 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எதை நம்புவது, எதற்குப் பொறுத்திருப்பது, இன்றைக்கே எதைச் செய்வது என்று நாமே தீர்மானிக்கலாம். நீளமான பதிவுதான். வீட்டில் வயதான உம்மா, வாப்பா இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

இது இரண்டு கதைகள் ஒன்று சேர்ந்த கதை. முதலாவது ஜேர்மனியில் தொடங்குகிறது.

1901 நவம்பர் மாதம், பிராங்பேர்ட் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் அவுகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கணவர் ரயில்வேயில் வேலை செய்தவர். மனைவிக்குக் காரணமில்லாத சந்தேகம், பொருட்களை எடுத்து ஒளித்து வைப்பது, வீட்டுக்குள்ளேயே வழி தடுமாறுவது என்று எல்லாம் கூடிக்கொண்டே போனதால் அவரால் சமாளிக்க முடியவில்லை. அங்கே வைத்தியராக இருந்தவர் அலோய்ஸ் அல்சைமர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். கணவரின் பெயர் என்ன என்று கேட்டால் அந்தப் பெண் தன் பெயரைச் சொன்னார். பூக்கோவா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது முடிக்க முடியாமல், தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்னார்.

அந்தக் காலத்தில் வைத்தியரின் கையில் இருந்தது அவ்வளவுதான்: கேள்வியும் பதிலும். மண்டையோட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உயிரோடு இருக்கும் மனிதரிடம் ஒரு வழியும் இல்லை. 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்த பிறகுதான் அல்சைமர் அவரது மூளையை வாங்கி, மெல்லிய துண்டுகளாக வெட்டி, வெள்ளி உப்புச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. கலங்களுக்கு உள்ளே நூல் சிக்கு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி, டூபிங்கன் நகரத்தில் நடந்த மனநல வைத்தியர்களின் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னார். ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 1910இல் எமில் கிரேப்லின் என்ற பேராசிரியர் தன்னுடைய பாடநூலில் இதற்கு "அல்சைமர் நோய்" என்று பெயர் வைத்தார். ஆனால் அதில் ஒரு வினை இருந்தது. இது வயதாவதற்கு முன்னரே வருகிற அபூர்வமான நோய் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுபது, எண்பது வயதில் வருகிற மறதியை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. அது வயதுக்கு உரியது என்று விட்டுவிட்டார்கள்.

நாமும் வேறு என்ன செய்கிறோம்? "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். "வயசு போனால் அப்படித்தான்" என்கிறோம். நம் முன்னோர் அறியாமையால் சொன்னார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்துப் பெரிய வைத்தியர்களும் 1970கள் வரை ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். 1976இல் ரொபர்ட் கட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். 50 வயதில் வருவதும் 80 வயதில் வருவதும் ஒரே நோய்தான், இது அபூர்வ நோயே அல்ல, ஆட்களைக் கொல்லும் பெரும் நோய்களில் ஒன்று என்று வாதித்தார். அதற்குப் பிறகுதான் பணமும் ஆய்வும் இந்தப் பக்கம் திரும்பின.

1984இல் ஜோர்ஜ் கிளென்னரும் கெய்ன் வொங்கும் அந்தப் படிவில் இருக்கிற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அமிலொயிட் பீட்டா என்று பெயர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், உள்ளே இருக்கும் சிக்கு டௌ என்ற இன்னொரு புரதம் என்று தெரியவந்தது. இது ஏன் முக்கியம்? எதை அளப்பது என்று தெரியாமல் அளவுகோல் செய்ய முடியாது. 1901இல் இல்லாத ஒன்று இப்போது கிடைத்துவிட்டது: தேட வேண்டிய பொருளின் பெயர்.

இனி இரண்டாவது கதை. இது மறதியைப் பற்றியது அல்ல. மின்சாரமும் இரசாயனமும் சேர்ந்த கதை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லீலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி இருந்தார். சத்திரசிகிச்சையின்போது இரத்தத்துக்கு வெளியிலிருந்தே ஒட்சிசன் ஏற்றும் கருவியைச் செய்துகொண்டிருந்தார். அதைப் பற்றிக் கட்டுரை அனுப்பினால், இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு ஏறியது என்று அளக்காமல் பிரசுரிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அளக்கும் கருவி அப்போது இல்லை. அதனால் அதையும் தானே செய்தார். பிளாட்டினம் மின்வாய், அதன் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் படலம். ஒட்சிசன் மட்டும் படலத்தைத் தாண்டி மின்வாய்க்கு வரும். வருகிற அளவுக்கு மின்னோட்டம் ஓடும். 1956இல் இது வெளியானது. இன்றைக்கும் இதற்குக் கிளார்க் மின்வாய் என்றே பெயர்.

1962இல் அவரும் சேம்ப் லயன்ஸ் என்பவரும் இன்னொரு படி மேலே போனார்கள். குளுக்கோசை மட்டும் தேடிப் பிடித்து ஒட்சியேற்றும் நொதியம் ஒன்று இருக்கிறது. அது வேலை செய்யும்போது ஒட்சிசனைச் செலவழிக்கும். அந்த நொதியத்தை மின்வாய்க்கு முன்னால் படலங்களுக்கு இடையில் வைத்தார்கள். குளுக்கோசு கூடினால் ஒட்சிசன் குறையும். மின்னோட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் சீனி எவ்வளவு என்று கணக்குப் போடலாம். மின்னிரசாயன உயிர் உணரி என்று இன்று படிப்பிக்கிற எல்லாவற்றுக்கும் இதுதான் ஆரம்பம். ஏ/எல் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள். ஒட்சியேற்றம், தாழ்த்தல், இலத்திரன் என்று நீங்கள் பாடமாக்குகிற அதே விஷயந்தான்.

1975இல் இந்த முறையில் வேலை செய்யும் மேசைக் கருவி விற்பனைக்கு வந்தது. வீட்டுக்கு அல்ல, ஆய்வுகூடத்துக்கு. 1980களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட், ஒக்ஸ்பேர்ட் ஆய்வாளர்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக ஃபெரோசின் என்ற இரும்புச் சேர்வையை இலத்திரன் சுமக்க வைத்தார்கள். அதனால் கருவி சிறிதாகியது. 1987இல் பேனா அளவில் ஒரு மெஷின் கடைக்கு வந்தது. உம்மாவின் தலையணைப் பக்கத்தில் இருக்கிற மெஷின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நடுவில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன். 12 வயதிலிருந்தே சீனி வருத்தம் உள்ள பொறியியலாளர். 1970 அளவில் இரத்தச் சீனியைப் பார்க்கும் முதல் கையடக்கக் கருவி வந்தது. அது நிறமாற்றத்தைப் பார்க்கும் கருவி, மின்வாய் உள்ளதல்ல. அதை வைத்தியர்களுக்கு மட்டுமே விற்றார்கள். இவருடைய மனைவி வைத்தியர் என்பதால் அவர் பெயரில் வாங்கி, வீட்டிலேயே நாளுக்குப் பல தடவை பார்த்து, தன் உடம்பைத் தானே கட்டுக்குள் கொண்டுவந்தார். நோயாளி தானே அளக்கலாம் என்று இவர் எழுதியதை வைத்திய சஞ்சிகைகள் ஏற்கவில்லை. சொன்னால் கேட்பார்கள் என்பதற்காகவே 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தானும் வைத்தியரானார். இன்றைக்குப் பேத்தி இலக்கம் வாசிக்கிறாள் என்றால், அந்த உரிமை சும்மா வந்ததல்ல.

இப்போது இரண்டு கதைகளையும் சேர்ப்போம். ஒரு பக்கம் தேட வேண்டிய புரதம் தெரியும். மறுபக்கம் ஒரு துளி இரத்தத்தை மின்னோட்டமாக மாற்றத் தெரியும். அப்படியானால் மறதிக்கு ஏன் இன்னும் ஒரு ஸ்ட்ரிப் இல்லை?

முதல் காரணம் அளவு. மெஷின் 100 என்று காட்டினால், ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம் சீனி என்று அர்த்தம். அல்சைமர் நோயை இப்போது மிக நன்றாகக் காட்டிக்கொடுப்பது p வகை டௌ, அதாவது பொஸ்பேற்று ஏறிய டௌ புரதம். குறிப்பாக 217 என்ற இலக்கம் போட்ட வகை. அது ஒரு மில்லிலீற்றரில் ஒரு பிக்கோகிராம் அளவில், பலருக்கு அதிலும் குறைவாக இருக்கும். சீனியோடு ஒப்பிட்டால் 100 கோடியில் ஒரு பங்கு. நம்மூர்க் கணக்கில் சொன்னால், 50 கிலோ அரிசி மூட்டை ஏறத்தாழ 400 அடுக்கி வைத்து, அதற்குள் ஓர் அரிசியைத் தேடுவது மாதிரி.

இரண்டாவது காரணம், சீனிக்கு இருப்பது போல ஒரு நொதியம் இதற்கு இல்லை. நொதியம் நிற்காமல் வேலை செய்து இலத்திரனைத் தந்துகொண்டே இருக்கும். டௌ புரதத்தைப் பிடிக்கப் பிறபொருளெதிரிதான் உண்டு. பூட்டுக்குத் திறப்பு பொருந்துவது போல அது புரதத்தைப் பிடிக்கும். பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும், மின்சாரம் தராது. அதனால் ஆய்வாளர்கள் உபாயம் தேடினார்கள். தங்கம் அல்லது கரி மின்வாயில் பிறபொருளெதிரியை ஒட்டுவார்கள். புரதம் வந்து ஒட்டினால் இலத்திரன் போகிற பாதை அடைபடும். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் கேட்டில் ஆட்கள் நின்றுவிட்டால் உள்ளே போகிறவர் சுற்றி நிற்க வேண்டியிருக்கிறதே, அது மாதிரி. அந்தத் தடை எவ்வளவு கூடியது என்று அளப்பது ஒரு வழி. இரண்டாவது பிறபொருளெதிரியில் ஒரு நொதியத்தைக் கட்டி அனுப்பி, அது தரும் மின்னோட்டத்தை அளப்பது இன்னொரு வழி.

மூன்றாவது காரணம் இரத்தமே. இரத்தத் திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 40 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அது மின்வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான உப்புநீரில் அழகாக வேலை செய்கிற உணரி, உண்மையான இரத்தத்தில் தடுமாறுவது இதனால்தான். "ஆய்வுகூடத்தில் வெற்றி" என்ற செய்தியை வாசிக்கும்போது, எதில் வெற்றி, உப்புநீரிலா இரத்தத்திலா, எத்தனை பேரின் இரத்தத்தில் என்று கேளுங்கள்.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1990களில் முள்ளந்தண்டில் ஊசி குத்தி எடுக்கும் நீரில் இந்தப் புரதங்களை அளக்கத் தொடங்கினார்கள். 2002இல் சுவீடனின் உப்சாலா நகரத்தில், உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் அமிலொயிட் படிவை முதன்முதலாக ஸ்கேனில் பார்த்தார்கள். இறந்த பிறகே பார்க்கலாம் என்றிருந்த நிலை அன்றைக்கு முடிந்தது. படிவு தொடங்கி 15, 20 ஆண்டுகள் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது என்பதும் இவற்றால் விளங்கியது. முன்கூட்டியே கண்டறிதல் என்று எல்லோரும் பேசுவதற்குக் காரணம் அந்த நீண்ட இடைவெளிதான்.

2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முதல் இரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் இன்னொன்றை அனுமதித்தது. இரண்டாவதில் நம் கதையின் மின்வாய் இருக்கிறது. மின்வாயில் அழுத்தம் கொடுத்ததும் றுத்தேனியம் சேர்வை ஒளிவிடும், அந்த ஒளியை அளப்பார்கள். ஆனால் இவை இரண்டும் பெரிய ஆய்வுகூடக் கருவிகளில் செய்பவை. 55 வயதுக்கு மேற்பட்ட, ஏற்கனவே மறதி அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். சுகமாக இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கல்ல. வீட்டில் வைத்துப் பார்க்கும் மின்னிரசாயன ஸ்ட்ரிப் இன்னும் ஆய்வாளரின் மேசையில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தெரானோஸ் என்ற அமெரிக்கக் கம்பனி, விரலில் எடுக்கும் சில துளியில் நூற்றுக்கணக்கான பரிசோதனை செய்வதாகச் சொல்லிக் கோடிக்கணக்கான டொலர் சேர்த்தது. 2015இல் ஒரு பத்திரிகையாளர் உண்மையை வெளியே கொண்டுவந்தார். 2022இல் அதன் தலைவிக்குப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு துளி என்ற சொல்லுக்கு அவ்வளவு கவர்ச்சி. நாளைக்கு ஒன்லைனில் "மறதி டெஸ்ட் கிட்" என்று விளம்பரம் வந்தால், வாங்குவதற்கு முன் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இலக்கத்தைப் பற்றியும் ஒன்று. சீனி கூடினால் சீனி வருத்தம். மறதிப் பரிசோதனை அப்படி நேரானதல்ல. மூளையில் அமிலொயிட் படிந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தில், அல்சைமர் இல்லாவிட்டாலும் இந்த டௌ அளவு கூடித் தெரியலாம். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டில் போட்ட எல்லைக்கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. நம் நாட்டு மக்களிடமே பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யப் போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்.

"சரி, தெரிந்து என்ன செய்வது? மருந்து இருக்கிறதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து, ஆரம்ப நிலையில் உள்ளவர்களிடம் 18 மாதத்தில் நோய் இறங்கும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. குணமாக்கவில்லை. மூளை வீக்கம், இரத்தக்கசிவு என்ற ஆபத்துகளும் உண்டு. இதை மட்டும் பார்த்தால் முன்கூட்டியே தெரிவதில் என்ன பயன் என்று தோன்றும்.

ஆனால் பயன் இருக்கிறது. மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைத் திருத்தலாம். அறளை என்று மூலையில் உட்கார வைத்த ஒருவருக்கு, ஓர் இரத்தப் பரிசோதனையும் சில மாத மருந்தும் போதுமாக இருந்திருக்கலாம். இதற்குப் புதிய உணரி தேவையில்லை. இன்றைக்கே அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் கேட்கலாம்.

2024இல் லான்செட் ஆணைக்குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் வரும் டிமென்சியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது பிந்தச் செய்யலாம் என்பது அவர்கள் கணக்கு. பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல், காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. சீனி வருத்தமும் உண்டு. ஆக, நம் வீட்டுச் சீனி மெஷின் ஏற்கனவே மறதிக்கு எதிராக ஒரு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இளவயதில் படிப்பு குறைவாக இருப்பதும் ஒன்று. பெண் பிள்ளையைப் பாதியில் மறிக்காமல் படிக்க வைப்பது அவளுடைய எழுபதாவது வயதுக்கும் செய்கிற உதவி.

இன்னொரு பயன், தீர்மானம். ஆரம்பத்திலேயே தெரிந்தால், காணி உறுதி, பிள்ளைகளுக்குப் பங்கு, ஹஜ் பயணம், யாருடைய வீட்டில் இருப்பது என்பதையெல்லாம் அவரே தெளிவான மனதோடு சொல்லலாம். பிந்தினால் அவருக்காக மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். அதில்தான் சகோதரர்களுக்குள் பிரச்சினை வரும். ஆகவே நாளைக்கு அந்த ஸ்ட்ரிப் வந்தாலும், முதலில் கேட்க வேண்டியது அந்த உம்மாவிடம், அந்த வாப்பாவிடம்: "பார்க்க விருப்பமா? தெரிந்துகொள்ள விருப்பமா?" அவருடைய விரல், அவருடைய இரத்தம். பேர்ன்ஸ்டைன் போராடிப் பெற்ற உரிமை நோயாளிக்கு உரியது. அவருக்குத் தெரியாமல் மருமகன் பார்த்துக்கொள்வதற்கு அல்ல.

அமிலொயிட் புரதத்தைக் கண்டுபிடித்த ஜோர்ஜ் கிளென்னரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பு 1984. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1982இல், அவரும் மனைவி ஜோயும் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரத்தில், மறதி நோயாளர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பராமரிக்கிற குடும்பத்துக்குச் சில மணி நேரம் மூச்சு விட இடம் வேண்டும் என்பதற்காக. புரதத்தின் பெயர் தெரிவதற்கு முன்னரே அதைச் செய்ய அவர்களால் முடிந்தது.

நம்மூரில் பாலர் பாடசாலை நான்கைந்து இருக்கிறது. மறதி வந்த பெரியவர்களைக் காலை எட்டு மணி முதல் பகல் ஒரு மணி வரை பார்த்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. ஒரு கட்டடம், இரண்டு பயிற்சி பெற்ற பெண்கள், கிழமைக்கு ஒரு தடவை வந்துபோகும் ஒரு வைத்தியர். இதற்குப் பிக்கோகிராம் அளக்கும் மெஷின் தேவையில்லை. உங்கள் கருத்துகளை எழுதுங்கள். யாருக்காவது இப்படி ஒரு வேலையில் அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.